பொதுச்சுவரின் கனம் கேட்டு அண்ணனுக்கு எழுதியது

தூத்துக்குடி
செவ்வாய்க்கிழமை, காலை

என்றும் என் மரியாதைக்குரிய மூத்த அண்ணன் சிவனணைந்தபெருமாள் அவர்களுக்குத் தம்பி லிங்கராஜ் வணக்கத்தோடு எழுதுவது. இங்கே நானும் பிரேமாவும் சுகம். அங்கே தங்கள் சுகத்தைத் தெரியப்படுத்தவும் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் அந்த 'அங்கே' என்பது நம் பொதுச்சுவருக்கு மறுபக்கம் என்பதாலும், இன்று காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவில் நீங்கள் நாலு தடவை இருமி ஒரு தடவை 'முருகா' என்றது என் காதில் விழுந்ததாலும், தாங்கள் சுகம்தான் என்று நானே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். கடலில் வெட்டியெடுத்த முருகைக்கல்லில் கட்டின இவ்வளவு கனமான சுவரைத் தாண்டி, அதுவும் எங்கள் டிவி இருக்கிற பக்கமிருந்து, உங்கள் இருமல் எப்படி இத்தனை தெளிவாகக் கேட்கிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அது இருக்கட்டும்.

பக்கத்து வீட்டுக்கு எதற்குத் தபால் என்று நீங்கள் நினைக்கலாம். ஆறு வருஷமாக நமக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. இருக்கிற ஒழுங்கைக் கெடுக்க வேண்டாமே என்றுதான் தபால். நேற்று தபால் ஆபீசில் விசாரிக்கப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மா கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அனுப்புறது பதினாலு, வாங்குறது பதினாலு ஏ. என்ன அண்ணாச்சி, வாடகைக்காரரைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீசா?" என்றார். "இல்லம்மா, அண்ணன் தம்பி" என்றேன். "அப்ப ஸ்பீட் போஸ்ட்லயே அனுப்புங்க, கையெழுத்து வாங்கிருவாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அனுபவசாலி.

விஷயம் என்னவென்றால் எனக்கு உங்கள் பக்கத்து அளவு வேண்டும். அளவு மட்டும்தான். வேறு உறவு கொண்டாடி எழுதுகிறேன் என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரேமாவுக்கு முழங்கால் போய்விட்டது. கொல்லைப்புறம் இருக்கிற குளியலறைக்கு மழையில் வழுக்கி வழுக்கிப் போய் வருகிறாள். அதை வீட்டுக்குள்ளேயே பொதுச்சுவரை ஒட்டிக் கட்டலாம் என்று நினைத்து ஒரு இன்ஜினியரைப் பார்த்தேன். அவர், வீட்டைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாக வரைந்து கொண்டுவந்தால்தான் பேசமுடியும் என்றார். துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம் டாலி கிளார்க்காக நின்று, இறங்குகிற சரக்கையும் ஏறுகிற சரக்கையும் அளந்து எழுதினவன் நான். சொந்த வீட்டை அளக்க இன்னொருத்தன் எதற்கு என்கிற வீம்பில், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வீடு வரைகிற சாஃப்ட்வேர் படிக்கச் சேர்ந்துவிட்டேன். செவ்வாயும் வியாழனும், மூன்று மணியிலிருந்து நாலரை வரை. சொல்லித்தருகிறவள் ஜெபசெல்வி என்று ஒரு டீச்சர். நல்ல பொறுமைசாலி. நான் சேர்ந்த பிறகு அது கொஞ்சம் குறைந்திருக்கிறது.

முதல் வாரமே தகராறு. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் உள்ளபடி எனக்குச் சொந்தமான மூன்று சுவரை மட்டும் ஒழுங்காக வரைந்தேன். தரையும் வரவில்லை, கூரையும் வரவில்லை. "அங்கிள், நாலு பக்கமும் சுவர் மூடினாத்தான் இது ரூம்னு அது ஒத்துக்கும்" என்றாள் டீச்சர். நாலாவது சுவர் பொதுச்சுவரம்மா, அதில் பாதிதான் என்னுடையது என்றேன். "பாதிச் சுவரை எப்படி அங்கிள் வரையிறது? சரி, அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்றாள். "எங்க அண்ணன் இருக்காங்க" என்றேன். கூடப் படிக்கிற இன்ஜினியரிங் பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் முழுச் சுவராகவே வரைந்தேன். உடனே கூரை தானாக வந்து உட்கார்ந்தது. கோபுரம் மாதிரிச் சரிவாக, பனி விழுந்தால் வழுக்கி இறங்குகிற வெளிநாட்டுக் கூரை. நம் ஊரில் என்றைக்கு அண்ணே பனி விழுந்தது? அதை மொட்டைமாடியாக மாற்ற இரண்டு வகுப்பு போனது.

மாற்றி முடித்துவிட்டு வீட்டைச் சுற்றிக் காட்டச் சொன்னேன். என் வீடு நிற்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம், உங்கள் வீடு இருக்க வேண்டிய இடத்தில், பச்சைப் பசேலென்று புல். வரையாத இடத்தையெல்லாம் அது வெறும் மனை என்று எடுத்துக்கொண்டு புல் போட்டுவிடுமாம். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே நாலு வருஷம் தாங்காத ஊரில் புல். மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்குக் காலையில்தான் உங்கள் வீட்டைப் பார்க்க ஆள் வந்திருந்தார்கள். சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்து, "பழைய சுவரு, இடிச்சிட்டா இடம் கிடைக்கும்" என்று ஒருத்தர் சொன்னதும், மகள் ஓசூருக்குக் கூப்பிடுவதாக நீங்கள் சொன்னதும் எங்கள் வீட்டுக்குள் கேட்டது. அப்படித்தான் நீங்கள் வீட்டை விற்றுவிட்டு ஓசூரில் மகள் பேச்சிச்செல்வி வீட்டோடு போகப்போகிறீர்கள் என்பதே எனக்குத் தெரியும். நீங்கள் சொல்லித் தெரியவில்லை, புரோக்கர் சுவரைத் தட்டித் தெரிந்தது. அந்தப் புல்லைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்தே இருந்ததில் டீச்சர் பயந்துபோய், "என்ன அங்கிள், சுகர் இறங்கிருச்சா?" என்று மிட்டாய் கொடுத்தாள். வாங்கித் தின்றேன்.

அதற்குப் பிறகு நிலை வைத்த கதை. தலைவாசல் கதவு வைக்க வேண்டிய பாடம் செவ்வாய்க்கிழமை வந்தது. செவ்வாய் மூன்றிலிருந்து நாலரை சுத்தமான ராகுகாலம். நான் மாட்டேன் என்றுவிட்டேன். "கதவு இல்லாம எப்படி அங்கிள் உள்ள போவீங்க?" என்று கேட்டாள். வியாழக்கிழமை போய்க்கொள்கிறேன் என்று, அன்றைக்கு முழுக்க வாசல் இல்லாத வீட்டை வெளியே நின்று சுற்றிச் சுற்றி வந்தேன். வியாழக்கிழமை நல்ல நேரம் பார்த்து, சுமங்கலி கை வேண்டுமே என்று பிரேமாவையும் ஆட்டோவில் கூட்டிப்போனேன். மஞ்சளும் குங்குமமும் குழைத்துக் கம்ப்யூட்டர் திரையில், நிலை வருகிற இடத்தில், இரண்டு பக்கமும் பொட்டு வைத்தோம். ஜெபசெல்வி "ஆண்டவரே" என்று தலையில் கை வைத்தாள். பிறகு அவளே ஈரத்துணி கொண்டுவந்து துடைத்தாள். துடைத்ததில் பொட்டு திரை முழுக்கப் பரவி, வீடு மஞ்சள் காமாலை வந்த மாதிரி ஆகிவிட்டது. நிலை வைத்தேன். கதவு தெருப்பக்கமாகத் திறந்து, படிக்கட்டில் போய் முட்டி நின்றது. எத்தனை தடவை மாற்றினாலும் அப்படியே. டீச்சர் ஏதோ ஒரு பட்டனை நான் அழுத்தவில்லை என்றாள். எனக்குக் காரணம் தெரியும். நம் குடும்பத்தில் மூத்தவர் கை படாமல் யாரும் நிலை வைத்தது கிடையாது. மூத்தவர் தொட்டுக் கொடுத்த பிறகுதான் கொத்தனாரே தூக்குவார். திரும்பி வரும்போது ஆட்டோவில் பிரேமாவும் அதையேதான் சொன்னாள்.

உங்கள் இடத்தில் புல் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், உங்கள் பாதியையும் நானே வரைய ஆரம்பித்தேன். பாடத்தில் இது கிடையாது. ஆறு வருஷமாக உள்ளே கால் வைக்காதவன் என்னத்தை வரைவது? ஞாபகத்திலும் காதில் விழுகிற சத்தத்திலும்தான். குழாய் சொட்டுவது எந்தப் பக்கம், மிக்சி ஓடினது எந்தப் பக்கம் என்று யோசித்து யோசித்து அடுப்படி போட்டேன். அந்த சாஃப்ட்வேரில் சாமான்களுக்கு ஒரு பெரிய பட்டியல் இருக்கிறது. நீச்சல் குளம் இருக்கிறது, குளிர்காய அடுப்பு நாலு தினுசு இருக்கிறது, அரிசி டிரம் மட்டும் இல்லை. ஆட்களும் உண்டு. உங்களுக்காகத் தேடினதில் கோட்டுப் போட்டு நாய் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு வெள்ளைக்காரர்தான் கிடைத்தார். உங்கள் முன் அறையில் நிறுத்தியிருக்கிறேன். உங்களுக்கு நாய் ஆகாது என்று தெரியும். நாயை மட்டும் தனியாக எடுக்க எனக்குத் தெரியவில்லை, மன்னிக்கவும். அடுப்படியில் உங்கள் வீட்டம்மாவுக்கு, மைனிக்கு, ஆள் எதுவும் வைக்கவில்லை. அவர்கள் போட்டு உட்காருகிற ஸ்டூலை மட்டும் அடுப்புப் பக்கம் வைத்தேன். "இங்க யாரு அங்கிள்?" என்று டீச்சர் கேட்டாள். "யாருமில்லம்மா, ஸ்டூல் மட்டும் இருக்கட்டும்" என்றேன்.

இப்போது அளவுக்கு வருகிறேன். எல்லாம் வரைந்த பிறகு சாஃப்ட்வேர் ஒரு கட்டத்தைக் காட்டி, பொதுச்சுவரின் கனம் என்ன என்று கேட்டது. எனக்குத் தெரியவில்லை அண்ணே. எந்தச் சுவருக்காக ஆறு வருஷம் பேசாமல் இருக்கிறோமோ அதன் கனம் எனக்குத் தெரியவில்லை. உத்தேசமாக ஒன்றரை அடி என்று போட்டேன், உங்கள் அடுப்படி ஒடுங்கி, ஆள் நிற்க இடமில்லாமல் போனது. ஜன்னலோ வாசலோ இல்லாத சுவரை ஒரு பக்கமிருந்து அளக்க வழியே கிடையாது. தெருவில் நின்று இரண்டு வீட்டுக்கும் சேர்த்து மொத்த அகலம் எடுத்துவிட்டேன். பிரேமா டேப் நுனியைப் பிடிக்க, ஒரு வாரமாகக் கத்திக் கத்தி என் பக்கத்து உள் அகலத்தையும் எடுத்துவிட்டேன். உங்கள் பக்கத்து உள் அகலம் தெரிந்தால், மொத்தத்தில் இரண்டையும், ஜன்னல் வழியாக அளந்த வெளிச்சுவர்கள் இரண்டின் கனத்தையும் கழித்துவிட்டுப் பொதுச்சுவரைக் கண்டுபிடித்துவிடலாம்.

சுவர் என்று வந்த பிறகு அதைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், ஆறு வருஷமாக எழுதாதது. அன்றைக்கு டிவி மாட்ட நான் ஓட்டை போட்டேன். வாடகைக்கு எடுத்த டிரில்லில் ஒரு முழ நீளக் கம்பி இருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். முருகைக்கல் வெண்ணெய் மாதிரி வழிவிட்டதும் நிறுத்தியிருக்க வேண்டும். அந்தப் பக்கம் மைனி வைத்திருந்த புளிக்குழம்பில் ஒரு கை காரையும் கல்லும் விழுந்தது என்று நீங்கள் சட்டியோடு வந்து வாசலில் நின்றபோது, "நான் என் பாதிச் சுவர்லதான் அடிச்சேன், உங்க பாதி ஏன் விழுது?" என்று கேட்டேன் பாருங்கள், அதை மட்டும் கேட்டிருக்கக் கூடாது. நீங்கள் "ஏலே, இனிமே இந்த வாசப்படி ஏற மாட்டேன்" என்றீர்கள். நானும் "ரொம்ப நல்லதாப் போச்சு" என்றேன். சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணனும் தம்பியும் பேசின கடைசிப் பேச்சு அதுதான். அந்த டிவியைக்கூட அந்த ஓட்டையில் மாட்டவில்லை. அரையடி தள்ளி வேறு ஓட்டை போட்டு மாட்டினேன். பழைய ஓட்டை டிவிக்குப் பின்னால் மறைந்துவிட்டது என்று என் பக்கம் பூசக்கூட இல்லை. உங்கள் பக்கம் நீங்கள் அன்றைக்கே பூசியிருப்பீர்கள். மில் ஃபிட்டர் கை, சும்மா இருக்காது.

போன ஆடியில் மைனி தவறினபோது துட்டிக்கு நான் வந்தேன். வந்தேன் என்றால் தெருவில் நின்றேன். பந்தலுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன், அசலூர்க்காரன் செய்கிற வேலையெல்லாம் செய்தேன். குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவரும் நீர்மாலைக்குப் பங்காளிகளைக் கூப்பிட்டார்கள். நீங்கள் ஒரு வார்த்தை கூப்பிடுவீர்கள் என்று நான் நின்றேன். நானாக வந்து நிற்பேன் என்று நீங்கள் வாசலைப் பார்த்தீர்கள். பார்த்ததை நானும் பார்த்தேன் அண்ணே. கால் வரவில்லை. எனக்குச் சோறு போட்டவர்கள் அவர்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஏழு வருஷம் அவர்கள் கையால் தின்றவன், அவர்கள் முகத்தை வாசலுக்கு வெளியே நின்று மாலைகளுக்கு நடுவில் பார்த்தேன்.

கடைசியாக ஒன்று. போன வியாழக்கிழமை, வாங்க வருகிறவர்கள் சுவரை இடித்தால் என்ன ஆகும் என்று பார்க்க, பொதுச்சுவரைத் தொட்டு அழிக்கச் சொன்னேன். உங்கள் வீட்டுக் கூரையும் போய்விட்டது, என் வீட்டுக் கூரையும் போய்விட்டது. நாய் பிடித்த வெள்ளைக்காரர் மட்டும் வெட்டவெளியில் நின்றார். டீச்சர் ஓடிவந்து பழையபடி கொண்டுவந்து கொடுத்தாள். இதை உங்கள் புரோக்கரிடம் சொல்லி வைப்பது நல்லது. மற்றபடி வீடு உங்களுடையது, விற்பதும் விற்காததும் உங்கள் இஷ்டம், எனக்கு அதில் ஒன்றுமில்லை. அடுப்படி, முன் அறை, பின் அறை மூன்றின் உள் அகலத்தையும் ஒரு கார்டில் எழுதித் தபாலில் சேர்த்தால் போதும். நேரில் வர வேண்டியதில்லை. நானும் வர மாட்டேன்.

பிரேமா தன் கும்பிடைச் சொல்லச் சொன்னாள். மழைக்காலம், தலையில் துண்டு கட்டாமல் மாடிக்குப் போக வேண்டாம் என்றும் சொல்லச் சொன்னாள். திருச்செந்தூரான் தங்களுக்குக் குறையில்லாத ஆயுசைக் கொடுக்கட்டும்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள (அளவு விஷயத்தில் மட்டும்) தம்பி,
லிங்கராஜ்

பின்குறிப்பு, புதன்கிழமை: மேலே எழுதியிருப்பதைப் படிக்க வேண்டாம் அண்ணே. நேற்று வகுப்புக்குப் போகிற அவசரத்தில் தபாலில் போடவில்லை. இன்றைக்குக் காலையில் நீங்க இருமல. ஏழு மணி வரைக்கும் பார்த்தேன், எட்டு வரைக்கும் பார்த்தேன். அதுக்குமேல முடியல. செருப்புகூடப் போடாம டேப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடியாந்தேன். உங்க வாசல்ல பூட்டு தொங்குது. எதிர்க்கடை கிருபை அண்ணாச்சிதான் கூப்பிட்டு, "பெருமாள் அண்ணாச்சி நேத்து சாயங்கால மைசூர் வண்டியில ஓசூருக்குப் போயாச்சே, மக வந்து கூட்டிட்டுப் போனாள்லா, ஒங்ககிட்ட சொல்லலையா?" என்று கேட்டு, ஒரு சாவியும் மடிச்ச தாளும் கொடுத்தார். அப்பத்தான் பிரேமா சொல்லுதா, நேத்து நான் வகுப்புல இருக்கையில சுவத்துல மூணு தட்டு கேட்டுச்சாம். வாங்க வந்த ஆளுதான் தட்டுதாங்கன்னு இவ பேசாம இருந்துட்டாளாம்.

தாள்ல உங்க கையெழுத்து. நீங்க எழுதினதுதான், ஆனாலும் திருப்பி எழுதுறேன், எனக்கு ஆற மாட்டேங்குது. 'லிங்கம், நீ கத்திக் கத்தி அளந்தது கேட்டது. அடுப்படி எட்டடி ரெண்டு அங்குலம். முன் அறை, பின் அறை ரெண்டும் பத்தடி ஒரு அங்குலம். சுவர் கனம் ஒன்பதே முக்கால் அங்குலம். நுனியை வளைத்த கம்பியை நீ போட்ட ஓட்டையில் விட்டு, உன் பக்கத்துச் சுவரில் மாட்டுகிற மட்டும் இழுத்து அளந்தது, தப்பாக இருக்காது. ஓட்டையை அன்றைக்கே அடைக்கச் சிமெண்ட் குழைத்தேன். உன் மைனி விடவில்லை. லிங்கம் டிவி பார்த்துச் சிரிக்கிறது கேக்குது, இருந்துட்டுப் போகட்டும் என்றாள். கடைசிவரை ஸ்டூலை ஓட்டைக்கு எதிரேதான் போட்டு உட்கார்ந்தாள். வீட்டை விற்கப் பேச்சி சொல்லுகிறாள். நான் இன்னும் சரியென்று சொல்லவில்லை.' அவ்வளவுதான் எழுதியிருக்கீங்க.

ஒன்றரை அடின்னு நெனச்சிருந்தேன் அண்ணே. ஒன்பதே முக்கால் அங்குலம்தான் இருந்திருக்கு.

கிருபை அண்ணாச்சிகிட்ட கேட்டு வாங்கி, கவர்ல பதினாலு ஏ-வை அடிச்சிட்டு ஓசூர் விலாசம் எழுதிட்டேன். நாளைக்கு வியாழன், வகுப்பு இருக்கு. மொதல்ல படத்துல மைனி ஸ்டூலை அடுப்புப் பக்கமிருந்து எடுத்து ஓட்டைக்கு எதிர்லயே போடணும். பொறவு அந்த ஓட்டை இருக்கிற இடத்துல ஒரு வாசலுக்கு இடம் விட்டு வைப்பேன். நிலை வைக்க மாட்டேன். நீங்க வந்து தொட்டுக் கொடுக்கணும். சாவி கையில இருக்கு, நீங்க இல்லாம உள்ள போக மனசு வரல. டிவியைக் கழட்டி எறக்கிட்டேன். ஓட்டையில கண்ணை வச்சா உங்க அடுப்படி தெரியுது. ஸ்டூல் அங்கனயேதான் கெடக்கு, இந்தப் பக்கம் பாத்து.